ரொடோல்ஃப் டோப்ஃபர் (1799–1846): படக்கதையின் தோற்றமும் நகல்வழிப் பரவிய நகைச்சுவையும்

ஆய்வுச் சுருக்கம்

இணையப் படக்கதை, மீம், ரசிகர் ஓவியம் ஆகியன இக்காலத்தின் புதுமைகளாகவே கருதப்படுகின்றன. சிறு வட்டத்தினரின் மகிழ்ச்சிக்காக வரையப்படுதல், கைம்மாறிப் பரவுதல், உரியவரின் இசைவின்றி நகலெடுக்கப்படுதல், பிறரால் மீள வரையப்படுதல் என்னும் இவற்றின் இயல்புகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஜெனீவா நகர இலக்கியப் பேராசிரியர் ரொடோல்ஃப் டோப்ஃபரின் படக்கதைகளில் ஒருங்கே காணப்படுகின்றன. அவருடைய வாழ்க்கையை நிரல்பட எடுத்துரைத்து, விளையாட்டாகப் பிறந்த ஒரு வடிவம் இலக்கிய வகையாக உருப்பெற்ற முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அந்த வடிவம் பரவியதற்கும் அதை உருவாக்கியவர் பெயர் மறைந்ததற்கும் நகலெடுத்தலே காரணமாயிற்று என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: படக்கதை, நகைச்சுவை, கல்லச்சு, நகல், மெய்ப்பாடு, இணையப் படக்கதை, ரசிகர் ஓவியம்

முன்னுரை

இலக்கிய ஆய்வில் நகைச்சுவைக்குக் கிடைக்கும் இடம் குறைவு. அதிலும் படத்தோடு கூடிய நகைச்சுவை இதழியல் ஆய்வின் ஓரத்திலோ ஊடகவியலின் எல்லையிலோ நிறுத்தப்படுகிறது. ஆசிரியர் பெயரின்றிக் கைபேசியில் நாள்தோறும் வந்துசேரும் நகைப்படங்களை இலக்கியத் துறையின் ஆய்வுப் பொருளாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. சற்றேறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஐயத்தோடு வாழ்ந்தவர் டோப்ஃபர். பிறருடைய நூல்களைப் பற்றியன்றித் தாமே வரைந்த படங்களைப் பற்றி அவர் ஐயுற்றார். பகலில் இலக்கியம் கற்பித்த அவர் மாலையில் கிறுக்கல் கோடுகளால் மாணவரைச் சிரிக்கவைத்தார். அக்கிறுக்கல்களை அச்சிட அவர் ஆண்டுக்கணக்கில் தயங்கினார்.

ஸ்காட் மெக்லவுட் படக்கதையின் இயல்பை விளக்கி 1993இல் வெளியிட்ட நூலில் இக்காலப் படக்கதையின் தந்தையாக டோப்ஃபரைக் குறிப்பிட்டார். அவரே 2000இல் வெளியிட்ட அடுத்த நூலில் கணினித் திரையில் படக்கதை அடையக்கூடிய புதிய வாய்ப்புகளை ஆராய்ந்தார். டேவிட் குன்சில், தியெரி குரோன்ஸ்டீன், பெனுவா பீட்டர்ஸ் முதலியோரின் ஆய்வுகள் டோப்ஃபரின் முதன்மையை உறுதிப்படுத்தின. இக்கட்டுரை அந்த முதன்மையை மீண்டும் நிறுவ முற்படவில்லை. ஒரு விளையாட்டு எவ்வெவ் வழிகளில் இலக்கிய வகையாயிற்று என்பதை அவர் வாழ்க்கைவழி நோக்குகிறது.

இளமையும் கண்நோயும்

டோப்ஃபர் 1799 சனவரி 31ஆம் நாள் ஜெனீவாவில் பிறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அந்நகரம் பிரான்சுடன் இணைக்கப்பட்டிருந்தது. 1813இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கி, 1815இல் ஜெனீவா சுவிட்சர்லாந்துக் கூட்டமைப்பில் சேர்ந்தது. கால்வினின் சமயச் சீர்திருத்த மரபில் ஊன்றிய அந்நகரத்தில் ஒழுங்கும் சிக்கனமும் உயர்ந்த மதிப்புகளாகக் கொள்ளப்பட்டன. அங்கே வேடிக்கைப் படம் வரைவது ஒருவருக்குப் பெருமை சேர்க்கும் செயலாக எண்ணப்படவில்லை.

தந்தை வோல்ஃப்காங் ஆடம் டோப்ஃபர் நிலக்காட்சி ஓவியர், கேலிச்சித்திரங்களும் வரைந்தவர். 1816இல் இங்கிலாந்துக்குச் சென்றுவந்த அவர் அந்நாட்டின் கேலிச்சித்திர மரபை நேரில் கண்டறிந்தார். ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் தொடர்படங்கள் மகனின் சிந்தனையிலும் ஆழப் பதிந்தன. ஒரு மனிதனின் உயர்வையோ வீழ்ச்சியையோ அடுத்தடுத்த படங்களில் காட்டி அறம் உணர்த்துவது ஹோகார்த்தின் முறை. டோப்ஃபர் தம் பிற்காலக் கட்டுரையிலும் அவரை முன்மாதிரியாக எடுத்துப் பேசுகிறார்.

தந்தையைப் போல் ஓவியராக வேண்டும் என்பதே மகனின் விருப்பமாக இருந்தது. கண்நோய் அதற்குத் தடையாயிற்று. 1819இல் மருத்துவம் நாடிப் பாரிசுக்குச் சென்ற அவர் அங்கு விரிவுரைகள் கேட்டார், நாடகங்கள் கண்டார். நோய் முற்றிலும் நீங்கவில்லை. வண்ணத்தையும் ஒளிநிழலையும் நுணுகி நோக்கவேண்டிய ஓவியத் தொழில் தமக்கு இயலாது என்பதை உணர்ந்து 1820இல் ஊர் திரும்பி ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

இந்த இழப்பு அவருடைய கலையின் போக்கைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்று எனலாம். எண்ணெய் ஓவியத்திற்கு வேண்டிய பார்வை இல்லாதவருக்குப் பேனாவும் தாளும் எஞ்சின. விரைந்து இழுத்த சில கோடுகளில் ஒரு முகத்தையும் மனநிலையையும் காட்டும் எளிமை அவருடைய படங்களின் தனித்தன்மையாயிற்று.

பள்ளி விடுதியும் முதல் படக்கதைகளும்

1823இல் திருமணம் செய்துகொண்ட டோப்ஃபர் 1824இல் சொந்தமாக ஒரு விடுதிப்பள்ளியைத் தொடங்கினார். பல நாடுகளிலிருந்து வந்த சிறுவர்கள் அங்குத் தங்கிப் பயின்றனர். ஆண்டுதோறும் அவர்களை ஆல்ப்ஸ் மலைப் பகுதிகளுக்குக் கால்நடையாக அழைத்துச் செல்வது அவர் வழக்கம். பயணம் முடிந்ததும் நடந்தவற்றை எழுதி, படமும் வரைந்து, தொகுப்பாக்கி மாணவர்களுக்கு வழங்குவார். இத்தொகுப்புகளிலிருந்து உருவானதே 1844இல் வெளிவந்த ‘வளைந்து நெளிந்த பயணங்கள்’ என்னும் புகழ்பெற்ற நூல்.

அவருடைய படக்கதைகளும் இதே சூழலில் தோன்றின. மாலை நேரத்தில் அவர் மேசையில் அமர்ந்து வரைய, மாணவர்கள் சூழ நின்று அடுத்த கட்டத்தில் என்ன நிகழும் என்று காத்திருப்பர். 1827இல் ‘திருவாளர் வியூ புவாவின் காதல்’ உருவாயிற்று. 1829இல் ‘டாக்டர் ஃபெஸ்டஸ்’, 1830இல் ‘திருவாளர் கிரிப்டோகாம்’ எனக் கதைகள் தொடர்ந்தன. அடுத்து ஜபோ, பென்சில் ஆகியோரின் கதைகளும் வரையப்பட்டன. இவை எவையும் அச்சை நோக்கி வரையப்பட்டவை அல்ல. கையெழுத்துப் படிகளாகவே நண்பர்களிடையே சுற்றிவந்தன.

முதல் வாசகர்கள் சிறுவர்களாக இருந்தமை இக்கதைகளின் நடையில் வெளிப்படுகிறது. கதை முன்கூட்டியே திட்டமிடப்பட்டதாகத் தோன்றுவதில்லை. ஒரு விபத்து அடுத்த விபத்தைப் பெற்றெடுக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் சிரிப்பே கதையின் அடுத்த திருப்பத்தைத் தீர்மானிக்கிறது. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே பதிப்பாளரோ தேர்வாளரோ இல்லாத இந்நிலை, வாரந்தோறும் வாசகரின் எதிர்வினையைக் கண்டு வளரும் இணையப் படக்கதையின் நிலைக்கு மிக நெருக்கமானது.

வைமாரிலிருந்து வந்த ஆதரவு

கைப்படியாகச் சுற்றிய இக்கதைகள் ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதேயின் கையை அடைந்தன. ஜெனீவாவைச் சேர்ந்த பிரடெரிக் சொரே வைமார் அரசவையில் இளவரசரின் ஆசிரியராக இருந்தார். 1830ஆம் ஆண்டின் இறுதியிலும் 1831ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அவர் வழியாக டோப்ஃபரின் படத்தொகுப்புகள் கதேயிடம் காட்டப்பட்டன. கதேக்கு அப்போது வயது 81. கேலிச்சித்திரத்தில் பொதுவாக நாட்டமில்லாத அவர் இவற்றைப் பெரிதும் சுவைத்தார். ஒரே மூச்சில் பார்த்துத் தீர்க்காமல் ஒவ்வொரு முறையும் சில பக்கங்கள் பார்த்து, இடையில் ஓய்வெடுத்துத் தொடர்ந்தார் எனச் சொரேயின் குறிப்புகளால் அறிகிறோம். 1832 மார்ச்சு 22இல் கதே மறைந்தார். அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய கலை இதழின் இறுதிப் பகுதியில் டோப்ஃபரின் கதைகளைப் பற்றிய பாராட்டு இடம்பெற்றது.

அப்பாராட்டில் ஒரு குறையும் கலந்திருந்தது. இத்துணை ஆற்றல் படைத்தவர் இன்னும் கனமான பொருளைத் தேர்ந்து கட்டுப்பாட்டோடு வரைந்தால் எவரும் எண்ணிப் பார்க்கவியலாத உயரத்தை எட்டுவார் என்பது கதேயின் கருத்து. திறமையை ஏற்றுக்கொண்டு பொருளை மட்டும் இலேசானது எனக் கருதும் இந்நோக்கு இன்றைய திறனாய்விலும் தொடர்கிறது. டோப்ஃபர் அந்த ஊக்கத்தை ஏற்றார், அறிவுரையைப் பின்பற்றவில்லை. கனமான பொருளைத் தேடிச் செல்லாமல், இலேசான பொருளின் வடிவத்தை மேலும் மேலும் செம்மையாக்கினார். அவருடைய கலை வாழ்வில் இது முதன்மையான முடிவு எனலாம்.

பதவியும் தயக்கமும் அச்சும்

1832இல் டோப்ஃபர் ஜெனீவாக் கல்விக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1559இல் கால்வினால் நிறுவப்பட்ட அக்கழகம் 1873இல் பல்கலைக்கழகமாயிற்று. இப்பதவி அவருக்கு மதிப்பைத் தந்தது, தயக்கத்தையும் தந்தது. ஜபோவின் கதை 1833இல் அச்சாயிற்று. ஆனால் 1835இல்தான் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. அச்சான நூல் ஈராண்டு வெளிவராமல் கிடந்தது. சொற்கலை பயிற்றும் பேராசிரியர் கோணல் மூக்குகளை வரைந்து விற்பதை நகரம் எவ்வாறு எடுத்துக்கொள்ளும் என்னும் அச்சம் அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வெளிவந்த பின்னர் அந்த அச்சம் தளர்ந்தது. 1837இல் வியூ புவா, கிரெப்பேன் ஆகியோரின் கதைகளும் 1840இல் பென்சில், ஃபெஸ்டஸ் ஆகியோரின் கதைகளும் அடுத்தடுத்து அச்சேறின.

அச்சு முறையும் இங்குக் கருதத்தக்கது. வழக்கமான கல்லச்சில் ஓவியர் கல்லின் மீது இடவலமாக மாற்றி வரையவேண்டும். எழுத்தையும் தலைகீழாக்கிப் பொறிக்கவேண்டும். டோப்ஃபர் கையாண்டது கையெழுத்துப் பெயர்ப்பு முறை. பதப்படுத்திய தாளின் மீது கொழுப்பு மையால் இயல்பாக எழுதியும் வரைந்தும் கொள்ளலாம். அத்தாளைக் கல்லில் அழுத்தினால் படிவம் மாறிப் பதியும். அச்சிடும்போது மீண்டும் நேராகும். செதுக்குநர் தேவையில்லை, எழுத்துக் கோப்பவரும் தேவையில்லை. கதையும் படமும் ஒரே பேனாவிலிருந்து ஒரே கையால் பிறந்தன. படத்தின் கோடும் அதன்கீழ் ஓடும் கையெழுத்தின் கோடும் ஒரே நடுக்கத்தையும் விரைவையும் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். செலவு குறைந்த கருவி கிடைத்ததும் இடைநிலையாளர் விலகி, தனியொருவரின் கிறுக்கல் நேரே வாசகரைச் சென்றடைந்தது. இணையமும் பின்னாளில் இதே விளைவை உண்டாக்கிற்று.

நகைச்சுவையின் அமைப்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களங்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைக்கிறது. டோப்ஃபரின் கதைமாந்தரை இவ்விரண்டையும் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஜபோ உயர்குடியினரின் விருந்தில் கலந்துகொண்டு அவர்களுடைய பாவனைகளைப் பின்பற்றுபவன். ஒவ்வொரு முறையும் இடறி விழுகிறான். ஒவ்வொரு முறையும் எழுந்து பழைய மிடுக்குடன் நிற்கிறான். அவன் மீண்டும் நிலைகொண்டான் என்னும் வாசகம் கதை முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. வியூ புவா காதலுக்காக மலையும் ஆறும் கடந்து சேற்றிலும் நீரிலும் புரண்டு வருகிறார். ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் அவர் உள்ளாடை மாற்றிக்கொள்வது மாறாத நிகழ்வாக அமைகிறது. முதல்முறை செய்தியாகத் தோன்றுவது மூன்றாம் முறை நகையாகிறது. பிறகு வாசகர் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். பல்லவி போன்று மீள வரும் இவ்வுத்தி மீம் நகைச்சுவையின் அடிப்படையும் ஆகும். ஒரே தொடர் புதிய சூழலில் பொருத்தப்படும்போது சிரிப்பு பிறக்கிறது.

‘டாக்டர் ஃபெஸ்டஸ்’ கதையில் எள்ளல் ஆட்சியின் மீது திரும்புகிறது. ஊர்த்தலைவரின் சீருடை அவரை விட்டுப் பிரிந்து கதை முழுவதும் அலைகிறது. படைவீரர் இருவர் அச்சீருடை எங்கிருந்தாலும் அதற்கே பணிகின்றனர். அதனுள் யார் இருக்கிறார் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. அதிகாரம் ஆளிடம் இல்லை, உடையில் இருக்கிறது என்னும் கருத்து ஒரு சொல்கூட விளக்கமின்றிப் படத்தால் நிறுவப்படுகிறது. இக்கதையை டோப்ஃபர் 1840இல் படத்தொகுப்பாகவும் உரைநடைப் புதினமாகவும் வெளியிட்டார். ஒரே ஆசிரியர் ஒரே கதையை இரு வடிவங்களில் தந்திருப்பது ஒப்பாய்வுக்கு அரிய வாய்ப்பு. உரைநடை விரிந்து விளக்கும் இடங்களைப் படக்கதை ஒரு தாவலில் கடந்துவிடுகிறது. வாசகர் தாமே இட்டு நிரப்பும் இடைவெளியே படக்கதையின் தனி இலக்கணம் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகும்.

கிரெப்பேன் பதினொரு பிள்ளைகளின் தந்தை. அவர்களுக்குத் தக்க ஆசிரியரைத் தேடி அவர் படும் பாடு அக்காலக் கல்விமுறைகளின் மீதான பகடியாகிறது. மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்துக் குணத்தைக் கூறும் கபாலவியலும் அதில் நையாண்டிக்கு உள்ளாகிறது. கிரிப்டோகாமின் கதையில் வண்ணத்துப்பூச்சி பிடிப்பவனை அவனை விரும்பும் பெண் கடல்கடந்தும் துரத்துகிறாள். ஓட்டம் விரைவடைவதைக் கட்டங்களின் அகலமே உணர்த்துகிறது. நிதானமான நிகழ்வுக்கு அகன்ற கட்டமும் பரபரப்பான நிகழ்வுக்கு நெருங்கிய குறுங்கட்டமுமாக அவர் அமைத்த முறை, செய்யுளில் சீரின் நீளம் ஓசையை ஆளுவதை ஒத்தது.

1837இல் ஜெனீவா இதழொன்றில் ஜபோவின் கதையைப் பற்றி எழுதிய குறிப்பில் டோப்ஃபர் இவ்வடிவத்தின் இலக்கணத்தைத் தெளிவாக வரையறுத்தார். எழுத்தின்றிப் படத்திற்குப் பொருள் தெளிவில்லை. படமின்றி எழுத்துக்குப் பொருளே இல்லை. இரண்டும் சேர்ந்த முழுமை ஒரு வகைப் புதினமாகிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். கதைக்குப் படம் வரைவதிலிருந்து படக்கதையைப் பிரித்துக்காட்டும் கோட்பாடு இங்கே முதன்முதலாக அவ்வடிவத்தைப் படைத்தவராலேயே முன்வைக்கப்படுகிறது.

நகல்களின் பயணம்

1839இல் பாரிசின் ஓபேர் பதிப்பகம் ஜபோ, கிரெப்பேன், வியூ புவா ஆகிய மூன்று கதைகளையும் டோப்ஃபரின் இசைவின்றிப் படியெடுத்து வெளியிட்டது. நாட்டெல்லை கடந்த படைப்புரிமைக்கு அன்று உறுதியான காப்பு இல்லை. அவர் அதே ஆண்டில் வியூ புவாவின் கதையை மீள வரைந்து இரண்டாம் பதிப்பாக வெளியிட்டு எதிர்வினையாற்றினார்.

நகலோடு நிற்காமல் மற்றொன்றும் நிகழ்ந்தது. இருபதை ஒட்டிய வயதினரான அமெதே தெ நொயே என்னும் இளைஞர், ஷாம் என்னும் புனைபெயரில், அதே 1839இல் ஓபேர் பதிப்பகத்திற்காக டோப்ஃபரின் பாணியில் புதிய படக்கதை ஒன்றை வரைந்தார். ஆசிரியர் வகுத்த கோட்டையும் கட்ட அமைப்பையும் நகைப்போக்கையும் எடுத்துக்கொண்டு ரசிகர் ஒருவர் தம் கதையைக் கட்டிய இச்செயலை இன்றைய ரசிகர் ஓவியத்தின் முன்னோடி எனலாம். பாரிசின் பெயர்பெற்ற கேலிச்சித்திரக்காரராகப் பின்னாளில் ஷாம் உயர்ந்தார். 1845இல் டோப்ஃபரின் உறவினர் துபோஷே தொடர்புடைய ‘இல்லஸ்த்ராசியோன்’ என்னும் பாரிஸ் இதழில் கிரிப்டோகாமின் கதை வெளிவந்தபோது, டோப்ஃபரின் மூலப்படங்களை மரச்செதுக்குக்கு ஏற்ப மீள வரைந்தவர் இதே ஷாம். இசைவின்றிப் பின்பற்றியவர் ஆறாண்டுகளில் ஆசிரியரின் இசைவோடு அவர் கோட்டை வரைபவரானார்.

பாரிஸ் போலிப்பதிப்பை அடியொற்றி 1841இல் இலண்டனில் வியூ புவாவின் கதை ஓபதாயா ஓல்டுபக் என்னும் புதுப்பெயருடன் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1842 செப்டம்பரில் நியூயார்க் இதழொன்று அதைச் சிறப்பு வெளியீடாக அச்சிட்டது. அமெரிக்காவில் வெளியான முதல் படக்கதை நூலாக அது பரவலாகக் குறிக்கப்படுகிறது. ஜெனீவா, பாரிஸ், இலண்டன், நியூயார்க் என ஐந்தாண்டுகளுக்குள் நிகழ்ந்த இப்பயணத்தில் நாயகனின் பெயர் மாறிற்று, மொழி மாறிற்று, படைத்தவர் பெயர் மறைந்தது. மாறாது நின்றது வடிவமே.

தமிழ் ஆய்வாளருக்கு இந்நிலை புதிதன்று. படியெடுப்போர் கைப்பட்டுப் பாடவேறுபாடு பெற்ற ஏடுகளையும், பாடியவர் யாரென ஐயத்திற்குள்ளான தனிப்பாடல்களையும் நாம் அறிவோம். படி என்பது மூலத்தின் சிதைவாக மட்டுமின்றி அதன் வாழ்வாகவும் அமையும் என்னும் பதிப்பியல் பார்வை டோப்ஃபரின் படக்கதைகளுக்கும் பொருந்தும்.

உரைநடை ஆசிரியராக அவர் பெற்ற புகழ் வேறு வழியில் வந்தது. ‘என் மாமனின் நூலகம்’ முதலிய கதைகள் எழுத்தாளர் சேவியர் தெ மேஸ்த்ரின் பரிந்துரையால் பாரிசில் பதிப்புப் பெற்றன. 1841இல் திறனாய்வாளர் சாந்த்-பொவ் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். ஆன்றோர் பரிந்துரைத்த உரைநடை இன்று பெரிதும் இலக்கிய வரலாற்று நூல்களில் வாழ்கிறது. திருடப்பட்ட படக்கதையோ ஒரு புதிய கலையின் தொடக்கமாயிற்று.

முகக்கோட்டின் இலக்கணம்

1845இல் டோப்ஃபர் முகக்குறியியல் பற்றிய கட்டுரையை நூலாக வெளியிட்டார். ஓவியப் பயிற்சியற்ற ஒருவர் எவ்வளவு பிழைபட ஒரு முகத்தை வரைந்தாலும் அம்முகத்திற்கு ஏதோ ஓர் உணர்வு வந்துசேரும் என்பது அவருடைய அடிப்படைக் கூற்று. வாயின் கோட்டைச் சற்றே மாற்றினால் அதே முகம் வேறொருவராகிறது. இவ்வாறு மாற்றி மாற்றி வரைந்து, எக்கோடு எவ்வுணர்வைத் தருகிறது எனக் கண்டறிவதே அவர் கூறும் பயிற்சி. ஈ. எச். கோம்பிரிச் 1960இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கலையியல் நூலில் இக்கண்டுபிடிப்புக்கு டோப்ஃபர் விதி எனப் பெயரிட்டார்.

முகக்குறிகளை டோப்ஃபர் நிலையானவை, நிலையற்றவை என இரண்டாகப் பகுக்கிறார். நெற்றி, மூக்கு முதலிய நிலையான உறுப்புகளைக் கொண்டு ஒருவர் குணத்தை முடிவு செய்வது நம்பத்தக்கதன்று. சிரிப்பு, சினம், அழுகை போன்ற மாறும் குறிகளே உள்ளத்தைக் காட்டுவன என்கிறார். உள்ளத்து நிகழ்வு உடலின் வாயிலாகப் பிறர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு எனக் கொள்ளும் நம் மரபோடு இவ்வாதம் ஒத்துச் செல்கிறது. இரண்டும் தனித்தனியே தோன்றிய சிந்தனைகள்; எனினும் ஒப்பிட்டு ஆராயத்தக்கவை. உடலமைப்பைக் கொண்டு மனிதரைத் தரம்பிரித்த கபாலவியல் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், மாறும் குறிகளையே நம்பவேண்டும் என்னும் அவர் வாதம் அறிவுத் துணிவு மிக்கது.

எளிய கோட்டுக்கு வாசகரின் மனம் உயிர் தருகிறது என்னும் இவ்விதியை இணைய நகைச்சுவை நாள்தோறும் மெய்ப்பிக்கிறது. 2005இல் தொடங்கிய எக்ஸ்.கே.சி.டி. என்னும் இணையப் படக்கதையில் குச்சி மனிதர்களுக்குக் கண்ணும் வாயும் இல்லை. உடல் சாய்வே உணர்வைத் தருகிறது. 2008ஐ ஒட்டித் தோன்றிய ரேஜ் காமிக்ஸ் வகையில் பயிற்சியற்ற கைகள் வரைந்த சில முகங்களே ஆயிரக்கணக்கான சிறுகதைகளுக்குப் பொதுச்சொத்தாயின. நன்றாக வரையத் தெரியாமை இங்குக் குறையன்று. யாவரும் எடுத்தாள இடந்தரும் வாயில் அதுவே.

அரசியலும் இறுதி ஆண்டுகளும்

டோப்ஃபரின் நகைச்சுவையைச் சார்பற்றதாகக் கொள்வது பிழையாகும். ஜெனீவாவில் சீர்திருத்தக் கட்சியினர் எழுச்சி பெற்ற 1840களில் அவர் பழமைபேண் தரப்பில் நின்று ‘கூரியே தெ ஜெனேவ்’ இதழில் எழுதினார். 1845இல் வெளிவந்த ‘அல்பேரின் கதை’ எத்தொழிலிலும் நிலைக்காத இளைஞன் ஒருவன் இறுதியில் புரட்சி இதழாளனாவதைக் காட்டுகிறது. சீர்திருத்தத் தலைவர் ஜேம்ஸ் ஃபாசியே அதன் இலக்கு என்பதை அக்கால வாசகர் உணர்ந்தனர். மாணவர் மகிழ வரைந்த கதைகளில் மனிதப் பேதைமையைப் பொறுத்துக்கொண்ட கை, இங்கே எதிராளியைச் சுட்டும் கையாகிறது.

கிரிப்டோகாமின் கதையில் அல்ஜியர்ஸ் மக்கள் சித்திரிக்கப்பட்ட முறையும் விமரிசனத்திற்கு உரியது. பிரான்சு அந்நகரைக் கைப்பற்றிய 1830ஆம் ஆண்டிலேயே அக்கதை வரையப்பட்டது. துரத்தும் பெண்ணை நகைப்பொருளாக்கும் போக்கும் அதில் உண்டு. சில கோடுகளில் ஒருவரை அடையாளப்படுத்தும் கலை, சில கோடுகளில் ஒரு மக்கள்திரளையே சுருக்கிவிடவும் வல்லது. இன்றைய நகைப்படங்களிலும் இவ்விடர் நீங்கவில்லை. இவ்வகை எழுத்தைப் பாராட்டும் ஆய்வு இதையும் சேர்த்தே மதிப்பிடவேண்டும்.

1840களின் தொடக்கத்திலிருந்து அவர் உடல்நலம் குன்றியது. நீரூற்று மருத்துவத்தை நாடி லாவே, விஷி ஆகிய இடங்களுக்குச் சென்றார், பயனில்லை. நோய்க்கிடையேதான் 1845இல் அல்பேரின் கதையும் முகக்குறியியல் நூலும் கிரிப்டோகாமின் இதழ்த் தொடரும் வெளிவந்தன. 1846 சூன் 8ஆம் நாள் தம் 47ஆம் வயதில் டோப்ஃபர் ஜெனீவாவில் காலமானார். நான்கு திங்கள் கழித்து, அக்டோபரில், ஃபாசியின் தலைமையில் ஜெனீவாவில் ஆட்சிமாற்றம் நிகழ்ந்தது. மகனுக்கு வரையக் கற்பித்த தந்தை அவருக்குப் பின்னும் ஓராண்டு வாழ்ந்து 1847இல் மறைந்தார்.

பிரெஞ்சு மொழியில் இம்மரபு தொடர்ந்தது. இயற்கை அறிவியல் ஆசிரியரான ஜார்ஜ் கொலொம் கிறிஸ்தோஃப் என்னும் புனைபெயரில் 1889 முதல் ஃபெனுயார் குடும்பத்தின் கதைகளை வெளியிட்டார். பதவிப் பெயரையும் படக்கதைப் பெயரையும் பிரித்துவைக்க வேண்டிய தேவை அரை நூற்றாண்டு கடந்தும் தொடர்ந்ததை இது காட்டுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. படக்கதை வடிவம் அச்சுத் தொழிலின் திட்டத்தால் பிறந்ததன்று. சிறு வட்டத்தினரை மகிழ்விக்கும் விளையாட்டாகப் பிறந்து, கையெழுத்துப் படிகளாகச் சுற்றிய பின்னரே அச்சேறியது.

2. எளிய அச்சு முறையும் எளிய கோடும் அவ்வடிவத்தை யாவரும் பின்பற்றத்தக்கதாக்கின. இணையப் படக்கதைக்கும் மீமுக்கும் அடிப்படையான எளிமை இதுவே.

3. போலிப்பதிப்பு, பாணிப் பின்பற்றல், மீள்வரைவு ஆகியன வடிவத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றன. படைத்தவர் பெயரை மறைத்தவையும் அவையே. ஆகவே நகல்களைப் புறந்தள்ளி மூலத்தை மட்டும் ஆராயும் முறை இவ்வகை இலக்கியத்திற்குப் போதாது.

4. இவ்வடிவத்திற்கான முதல் இலக்கணத்தை இலக்கியப் பேராசிரியரே வகுத்தார். எனவே இது இலக்கியத் துறைக்குப் புறத்தேயிருந்து வந்த பொருளன்று.

பெயரற்ற கைகள் வரைந்து, நாள்தோறும் தோன்றி, சேமிப்பாரின்றி மறையும் இணைய நகைப்படங்கள் டோப்ஃபரின் கையெழுத்துப் படிகள் இருந்த நிலையிலேயே இன்று இருக்கின்றன. கதேயிடம் அவற்றைக் கொண்டுசென்ற சொரே போன்ற ஒருவர் எல்லாப் படைப்புக்கும் வாய்ப்பதில்லை. பாடவேறுபாடு நோக்கிப் பழகிய தமிழ்த் துறைகள், தமிழில் உருவாகும் நகைப்படங்களையும் அவற்றின் மாற்றுவடிவங்களையும் தோன்றிய நாளும் பரவிய வழியும் குறித்துத் தொகுத்துக் காத்தால், வருங்கால ஆய்வாளருக்கு மூலங்கள் எஞ்சும். அவற்றுள் இலக்கியமாக நிலைப்பன எவை என்பதைக் காலம் முடிவு செய்யும். முடிவு செய்வதற்கு அவை அழியாமல் இருத்தல் வேண்டும்.